மெக்கானிக்கல் எஃபிஷியன்சி 103% வருது, சிலிண்டர் பிரஷர் டேட்டால எங்க தப்பு?

தெர்மல்_திரு:
வணக்கம் மக்களே, கொஞ்சம் அவசரம். எம்.இ. தெர்மல் ஃபைனல் இயர், பிராஜெக்ட் வழக்கமான கதைதான், பயோடீசல் கலந்து ஓட்டி கம்பஷன் எப்டி மாறுதுனு பாக்கணும். எஞ்சின் பாதி காலேஜ் லேப்ல நிக்குற அதே கிர்லோஸ்கர் டிவி1. ஒத்த சிலிண்டர், போர் 87.5 மிமீ, ஸ்ட்ரோக் 110 மிமீ, கம்ப்ரஷன் ரேஷியோ 17.5, 1500 ஆர்பிஎம்ல 5.2 கிலோவாட். சிலிண்டர் பிரஷர் அளக்க ஹெட்ல பீசோ சென்சார், அங்கருந்து அதோட சார்ஜ வோல்டேஜா மாத்துற சார்ஜ் ஆம்ப், கிராங்க்ல ஒரு சுத்துக்கு 360 பல்ஸ் குடுக்குற என்கோடர், எல்லாம் ஒரு சாஃப்ட்வேருக்குள்ள போகுது.

இப்ப பிரச்சினை என்னன்னா, ஃபுல் லோடுல டைனமோமீட்டர் ரீடிங் வச்சு பிஎம்இபி (ஷாஃப்ட்ல வர்ற வேலைய சிலிண்டர் கொள்ளளவால வகுத்தா வர்ற சராசரி பிரஷர்) போட்டா 6.3 பார் வருது, அதுல சந்தேகமே இல்ல, 661 சிசி எஞ்சின் 1500ல 5.2 கிலோவாட் குடுத்தா அவ்ளோதான் வரணும், லோடு செல்லுக்கும் எடைக்கல்லு தொங்கவிட்டு செக் பண்ணியாச்சு. ஆனா பிரஷர் கர்வ இன்டக்ரேட் பண்ணா ஐஎம்இபி (கேஸ் பிஸ்டனுக்கு குடுக்குற வேலைக்கு அதே கணக்கு) 6.1 பார்தான் வருது. அதாவது கேஸ் பிஸ்டனுக்கு குடுக்குற வேலைய விட ஷாஃப்ட்ல வெளிய வர்ற வேலை ஜாஸ்தி. எஃபிஷியன்சி 103%. கைடு கிட்ட காட்டுனா "உராய்வே இல்லாத எஞ்சின் கண்டுபிடிச்சிட்ட, பேட்டன்ட் போடு"ன்னு சிரிச்சிட்டு போய்ட்டார்.

100 சைக்கிள் ஆவரேஜ் எடுத்திருக்கேன். பீக் 68 பார், டிடிசிக்கு (பிஸ்டன் உச்சில நிக்குற இடம்) அப்புறம் 5 டிகிரில. எங்க தேடுறது?

பிஸ்டன்_பிரபு:
ப்ரோ இது பெக்கிங் பிரச்சினை, கண்ண மூடிட்டு சொல்றேன். பீசோ சென்சார் அப்சல்யூட் பிரஷர காட்டாது, மாற்றத்த மட்டும்தான் காட்டும். குவார்ட்ஸ அமுக்குனா சார்ஜ் வரும், ஒரு பாருக்கு 15, 20 பிக்கோகூலோம்னு, ஆனா அமுக்கி வச்சபடியே விட்டா அந்த சார்ஜ் மெதுவா கசிஞ்சு போய்டும். அதனால கர்வ் முழுசும் மேலயோ கீழயோ மிதக்கும். இன்டேக் முடியுற பிடிசில (பிஸ்டன் அடியில நிக்குற இடம்) சிலிண்டர் பிரஷர் மேனிஃபோல்டு பிரஷருக்கு சமம்னு வச்சு கர்வ தூக்கி உக்கார வைக்கணும், அதுக்குதான் பெக்கிங்னு பேரு. உங்க கர்வ் 2 பார் கீழ உக்காந்திருக்கும் பாருங்க, அதான் ஐஎம்இபி கம்மி.

நிலா_ரிசர்ச்:
பிரபு, பெக்கிங் பத்தி சொன்னதெல்லாம் சரி, முடிவு மட்டும் தப்பு. கர்வ் முழுசும் 2 பார் கீழ இருந்தாலும் சரி 20 பார் கீழ இருந்தாலும் சரி, ஐஎம்இபி மாறாது. மாறாத ஒரு எண்ண ஒரு முழு சைக்கிளுக்கு வால்யூமோட இன்டக்ரேட் பண்ணா பூஜ்யம்தானே, பிஸ்டன் கிளம்புன இடத்துக்கே திரும்பி வந்துடுதே. பேப்பர்ல ரெண்டே வரில போட்டு பாத்துக்கலாம்.

பெக்கிங் தப்பா இருந்தா அடி வாங்குறது வேற இடத்துல. பாலிட்ரோபிக் இண்டெக்ஸ் (வால்யூம் சுருங்க சுருங்க பிரஷர் எவ்ளோ வேகமா ஏறுதுன்ற எண்), ஹீட் ரிலீஸ் (எரியும்போது எங்க எவ்ளோ சூடு வெளிய வருதுன்ற கணக்கு), கேஸ் டெம்பரேச்சர், இதெல்லாம் கெட்டுப்போகும், ஏன்னா அதுல பிரஷரோட அப்சல்யூட் மதிப்பு நேரா உள்ள போகுது. திரு, நீ எப்படியும் ஹீட் ரிலீஸ் போடுவ, அதனால பெக்கிங்கயும் ஒழுங்கா பண்ணு, ஆனா 103%க்கு காரணம் அது இல்ல.

பிஸ்டன்_பிரபு:
அட ஆமால்ல. சரி, அப்போ சென்சிட்டிவிட்டி தப்பா என்டர் பண்ணிருப்பாங்களோ? கேலிபரேஷன் ஷீட்ல ஒண்ணு, சாஃப்ட்வேர்ல ஒண்ணுனு இருந்தா மொத்த கர்வுமே சுருங்கிடும், ஐஎம்இபியும் அதே விகிதத்துல சுருங்கும்.

டைனோ_அண்ணாச்சி:
இது நல்ல கேள்வி, இத செக் பண்ண முடியும். தம்பி திரு, மோட்டாரிங் கர்வ் இருக்கா? அதாவது எரியாம வெறுமனே அமுக்கி விடுற கர்வ். எடி கரன்ட் டைனோனா எஞ்சின சுத்த முடியாதுனு தெரியும், ஆனா ஓடிட்டிருக்கும்போதே ஃபியூல் லிவர சட்னு இழுத்து கட் பண்ணிட்டு, அடுத்து வர்ற ரெண்டு மூணு சைக்கிள சேவ் பண்ணிருந்தா போதும். ஸ்பீடு கொஞ்சம் இறங்கும், பரவால்ல, என்கோடர் வச்சு எடுக்குறதால கர்வ் ஆங்கிள்லதான் நிக்கும்.

அதுல மூணே விஷயம் சொல்லு. பீக் எவ்ளோ பார், பீக் எந்த டிகிரில, அப்புறம் லாக் (லாகரிதம்) பிரஷர் – லாக் வால்யூம் போட்டா உச்சில கோடு ரெண்டும் எப்டி இருக்கு.

அப்படியே இன்னொண்ணு. என்கோடர கடைசியா யாரு, எப்ப கழட்டி மாட்டுனாங்க?

தெர்மல்_திரு:
அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரி இன்னைக்கு ஃபியூல் கட் பண்ணி எடுத்தேன். பீக் 38 பார். ஒரு டிகிரிக்கு ஒரு பாயின்ட்தான் இருக்கு, அதனால உச்சி பக்கத்து பாயின்டுகளுக்கு ஒரு பரபோலா போட்டு பாத்தேன், டிடிசிக்கு முன்னாடி 3.9 டிகிரில வருது. புக்குல டிடிசிக்கு முன்னாடிதான் வரும்னு போட்டிருக்கு, அதனால இது சரியா இருக்குனுதான் நெனைக்கிறேன்? லாக்-லாக் படத்துல கம்ப்ரஷன் கோட்டுக்கும் எக்ஸ்பேன்ஷன் கோட்டுக்கும் நடுவுல நல்ல இடைவெளி, உச்சில ஒரு சின்ன வாழைக்காய் மாதிரி உப்பிட்டு இருக்கு.

என்கோடர்: போன செமஸ்டர்ல கப்ளிங் உடைஞ்சு புதுசு போட்டாங்களாம், லேப் அசிஸ்டன்ட் சொன்னார். டிடிசி திரும்ப செட் பண்ணாங்களானு கேட்டதுக்கு "பழைய மார்க்குக்கு நேரா வச்சோம்"ன்றார்.

டைனோ_அண்ணாச்சி:
திருடன் மாட்டிக்கிட்டான்.

ஒண்ணொண்ணா பாப்போம். பீக் 38 பார்ங்கிறது இந்த எஞ்சினுக்கு நியாயமான எண். 17.5 ரேஷியோ, ஆனா இன்டேக் வால்வு பிடிசி தாண்டிதான் மூடுது, சுவர் வழியா சூடு போகுது, ரிங்கு வழியா கொஞ்சம் கசியுது, எல்லாம் போக 35லருந்து 40க்குள்ள வரணும். வருது. அப்போ பிரபு சொன்ன சென்சிட்டிவிட்டி தப்பு இல்ல, அது தப்பா இருந்து கர்வ் இருபது சதவீதம் சுருங்கிருந்தா இது முப்பதுக்கு வந்திருக்கும்.

அடுத்து, பீக் எங்க வருதுன்றது. எரியாத எஞ்சின்ல பிஸ்டன் உச்சிக்கு போற நேரத்துல வால்யூம் கிட்டத்தட்ட மாறுறதே இல்ல, ஆனா சூடு மட்டும் சுவருக்கு ஓடிட்டே இருக்கு, ரிங்குலயும் கசிவு நடக்குது. அதனால பிரஷர் டிடிசிக்கு சற்று முன்னாடியே உச்சம் தொட்டு இறங்க ஆரம்பிச்சிடும். இதுக்கு லாஸ் ஆங்கிள்னு பேரு, இந்த மாதிரி சின்ன டீசலுக்கு அரை டிகிரிலருந்து ஒரு டிகிரி வரைக்கும் எதிர்பாக்கலாம். 3.9 எல்லாம் வரவே வராது. அவ்ளோ சூடு போகணும்னா தலையில பனிக்கட்டி வச்சாத்தான் உண்டு. "முன்னாடி வரும்"னு புக்கு சொன்னது சரி, எவ்ளோ முன்னாடின்றதுதான் விஷயம்.

ஆகவே உன் சாஃப்ட்வேர் நம்புற டிடிசி, நிஜ டிடிசிக்கு மூணு டிகிரி கிட்ட பின்னாடி இருக்கு. கர்வ் மொத்தமும் முன்னாடி தள்ளி தெரியுது. விளைவு? கம்ப்ரஷன்ல ஒவ்வொரு ஆங்கிள்லயும் பிரஷர் நிஜத்த விட ஜாஸ்தியா தெரியுது, எக்ஸ்பேன்ஷன்ல கம்மியா தெரியுது. செலவு ஜாஸ்தி, வரவு கம்மி. ஐஎம்இபி அடி வாங்குது. உன் எஞ்சினுக்கு ஃபுல் லோடுல ஒரு டிகிரிக்கு அரை பாருக்கு மேலயே போகும்னு தோராயமா கணக்கு வருது. மூணு டிகிரினா போட்டுக்கோ.

அந்த வாழைக்காயும் அதே கதைதான். மோட்டாரிங்ல எக்ஸ்பேன்ஷன் கோடு கம்ப்ரஷன் கோட்டுக்கு ஒட்டி, சற்று கீழ வரணும். இவ்ளோ உப்பினா கர்வ் முன்னாடி தள்ளிருக்கு. பின்னாடி தள்ளிருந்தா ரெண்டு கோடும் ஒண்ண ஒண்ணு வெட்டிக்கும், எரியாத எஞ்சின் வேலை செஞ்சு குடுக்குற மாதிரி தெரியும்.

கோவை_ஸ்கோப்:
குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும், நான் ஒர்க்‌ஷாப்காரன், காலேஜ் ஆளு இல்ல. நாங்க ஸ்பார்க் பிளக்க கழட்டிட்டு அந்த ஓட்டைல பிரஷர் டிரான்ஸ்டியூசர் போட்டு ஸ்கோப்ல பாப்போம். அந்த சிலிண்டர் எரியாது, மத்ததுல ஓடும். ஒரு கம்ப்ரஷன் கோபுரத்துலருந்து அடுத்த கோபுரம் வரைக்கும் 720 டிகிரி, அத ஸ்கோப்லயே கோடு போட்டு பிரிச்சிட்டா எக்ஸாஸ்ட் வால்வு எங்க தொறக்குது, இன்டேக் எங்க மூடுதுனு தெளிவா தெரிஞ்சுடும். டைமிங் பெல்ட் ஒரு பல்லு தாண்டிருந்தா ஹெட்ட தொடாமலே சொல்லிடலாம். என்கோடரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீங்கனு புரியல.

டைனோ_அண்ணாச்சி:
உங்க வேலைக்கு அது அருமையான முறை, நானே ரசிச்சு பாப்பேன். ஒரு பல்லு தாண்டுனா பத்து இருபது டிகிரி கணக்குல நகரும், அத பிடிக்க அது தாராளம். ஆனா அந்த 720 சமமா பிரிக்கிறதுல ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு: ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல கிராங்க் ஒரே வேகத்துல சுத்துச்சுன்னு. சுத்தாது. கம்ப்ரஷன்ல இழுத்துப் பிடிக்கும், எரிஞ்சதும் பாயும். ஒத்த சிலிண்டர்ல வேகம் சைக்கிளுக்கு ஒரு தடவ வெறும் ஒரு சதவீதம் மேல கீழ போனாலே நடுவுல ஆங்கிள் ஒரு டிகிரிக்கு மேல தப்பும். கிராங்கிங்ல கேக்கவே வேணாம்.

வால்வு டைமிங் பாக்குறவருக்கு ரெண்டு டிகிரி ஒண்ணுமில்ல. ஐஎம்இபி, ஹீட் ரிலீஸ் பாக்குறவருக்கு 0.1 டிகிரிக்குள்ள டிடிசி வேணும். அளக்குற விஷயம் வேற, அதுக்கு தேவையான துல்லியம் வேற.

கோவை_ஸ்கோப்:
ஓகே ஏத்துக்கிறேன். ஆனா 1500 ஆர்பிஎம்ல 0.1 டிகிரின்னா எவ்ளோ நேரம்ணா?

நிலா_ரிசர்ச்:
1500ல ஒரு செகண்டுக்கு 9000 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 மைக்ரோசெகண்ட். 0.1 டிகிரினா 11 மைக்ரோசெகண்ட். இங்கதான் சார்ஜ் ஆம்ப்போட ஃபில்டர் உள்ள வருது, நிறைய பேரு இத கவனிக்கிறதே இல்ல. கர்வ் சொரசொரன்னு இருக்குனு லோ பாஸ் ஃபில்டர ஒரு கிலோஹெர்ட்ஸ்ல வச்சா சாதாரண ஒரு கட்ட ஃபில்டரே 160 மைக்ரோசெகண்ட் தாமதம் குடுக்கும், அதாவது 1500ல கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி! கர்வ் வழுவழுன்னு அழகா இருக்கும், இடம் தப்பு.

திரு, உன்னோடத பொறுத்தவரைக்கும் ஃபில்டர் குற்றவாளி இல்ல. ஃபில்டர் கர்வ பின்னாடிதான் தள்ளும், உன்னோடது முன்னாடி போயிருக்கு. இன்னும் சொல்லப்போனா ஃபில்டர் ஏதாச்சும் இருந்தா நிஜ தப்ப கொஞ்சம் மறைச்சிட்டு இருக்கும். செட்டிங் என்னனு பாத்து சொல்லு.

தெர்மல்_திரு:
அக்கா பாத்துட்டேன், ஃபில்டர் 30 கிலோஹெர்ட்ஸ். அப்போ தாமதம் பத்தி கவலை இல்லல்ல?

கைடு சொல்றார், எக்செல்ல கர்வ மூணு டிகிரி நகத்திடு, எஃபிஷியன்சி 80% வந்தா எழுதி முடினு. பண்ணலாமா?

டைனோ_அண்ணாச்சி:
30 கிலோனா 5 மைக்ரோசெகண்ட், விடு.

நகத்துறது தப்பில்ல தம்பி, எத வச்சு நகத்துறனுதான் கேள்வி. 80% வர்ற வரைக்கும் நகத்துனா நீ அளந்தது எஞ்சின இல்ல, உன் எதிர்பார்ப்ப. நாளைக்கு பயோடீசல் போட்டா உராய்வு மாறுதா, எரியுறது மாறுதானு உன்னால சொல்லவே முடியாது, ரெண்டையும் சேத்து நீயே மூடிட்ட. டிடிசிய எஞ்சின தொட்டு அளந்து, அந்த எண்ண வச்சு நகத்து, என்ன பண்ணேன்னு தீசிஸ்ல ஒரு பத்தி எழுது. அப்ப யாரும் கேள்வி கேக்க முடியாது. நகத்துன பிறகு எஃபிஷியன்சி 74 வந்தாலும் 83 வந்தாலும் அதுதான் பதில்.

பிஸ்டன்_பிரபு:
அளக்குறதுனா ஃபிளைவீல் கையால சுத்தி பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடத்துல மார்க் பண்றதுதானே? நாங்க ஸ்க்ரூ டிரைவர உள்ள விட்டு பாத்தோம் ஒரு தடவ.

டைனோ_அண்ணாச்சி:
பிரபு அந்த ஸ்க்ரூ டிரைவர தூக்கி உள்ள வச்சிடுப்பா.

டிடிசிலருந்து ஒரு டிகிரி தள்ளி நின்னா பிஸ்டன் எவ்ளோ இறங்கிருக்கும் தெரியுமா? 110 ஸ்ட்ரோக், 234 மிமீ கனெக்டிங் ராடு வச்சு போட்டு பாரு. 0.01 மிமீ. டயல் கேஜ்ல ஒரே ஒரு கோடு. மூணு டிகிரி தள்ளி நின்னாலும் 0.09 மிமீதான். ஸ்க்ரூ டிரைவர் பிடிச்ச கைக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. உச்சில பிஸ்டன் கிட்டத்தட்ட நின்னுடும், அங்க போய் உச்சிய தேடுனா கிடைக்காது.

அதனால உச்சில தேடக்கூடாது, சரிவுல தேடணும். டிடிசிக்கு இருபது டிகிரி பக்கம் போய்ட்டா ஒரு டிகிரிக்கு 0.4 மிமீ நகரும், நாப்பது கோடு! ஏறும்போது உச்சிலருந்து 4.00 மிமீ கீழ இருக்குற இடத்துல என்கோடர் எண்ண எழுது, உச்சிய தாண்டி இறங்கும்போது அதே 4.00ல திரும்ப எழுது. ரெண்டுக்கும் நடு பாயின்ட்தான் டிடிசி. 3.00லயும் ஒரு ஜோடி எடுத்து ஒத்துப்போகுதானு பாரு. எஞ்சின எப்பவும் ஒரே திசையில சுத்து, தாண்டிட்டா பின்னாடி திருப்பாம ரெண்டு சுத்து சுத்தி திரும்ப வா, இல்லனா பேரிங் இடைவெளி உள்ள வந்துடும்.

என்கோடர்ல ஏ, பி ரெண்டு லைனும் இருக்கும், ரெண்டோட எல்லா விளிம்பையும் எண்ணுனா 360 பல்ஸ் 1440 ஆகும், கால் டிகிரிக்கு ஒரு எண். ஸ்டாட்டிக்கா பாக்க இது போதும்.

கப்பல்_கணேசன்:
அடடா இப்டி ஒரு இழை ஓடுறத இப்பதான் பாத்தேன், போர்ட்டுக்கு வந்து சிக்னல் கிடைச்சுது. டயல் கேஜ எது வழியா விடுறதுனு யாரும் சொல்லலியே. இன்ஜெக்டர் ஓட்டை வழியா விடலாம், ஆனா அது சாய்வா இருந்து பிஸ்டன்ல பவுல் (மேல் முகத்துல குழி) இருந்தா ராடோட நுனி பவுல் விளிம்புல வழுக்கும், ரீடிங் குதிக்கும். பழைய ஆளுங்க பண்ற வேலை ஒண்ணு இருக்கு. ராக்கர கழட்டிட்டு, பிஸ்டன் உச்சி பக்கத்துல இருக்கும்போது ஒரு வால்வோட ஸ்பிரிங்க எடுத்துட்டு, வால்வ மெதுவா பிஸ்டன் மேலயே உக்கார வச்சிடுறது. டயல் கேஜ் வால்வு தண்டு மேல. வால்வு நேரா ஏறி இறங்கும், வழுக்காது.

ஆனா கவனம், தண்டுல ஒரு ஓ ரிங்கு இறுக்கமா மாட்டிடு, இல்ல கம்பி சுத்திடு. யாராச்சும் விளையாட்டுக்கு ஃபிளைவீல சுத்திட்டா வால்வு சிலிண்டருக்குள்ள போய்டும், அப்புறம் ஹெட்ட கழட்டணும், உன் பிராஜெக்ட் அடுத்த செமஸ்டருக்கு போய்டும்.

இந்த பிரஷர்-பொசிஷன் விளையாட்டு ரொம்ப பழசுப்பா. 1796லயே ஜேம்ஸ் வாட்டோட உதவியாளர் ஜான் சதர்ன், ஸ்டீம் எஞ்சினோட பிரஷர பிஸ்டன் நகர்ற அளவுக்கு எதிரா தானா வரையுற ஏற்பாடு பண்ணிட்டார், அத ரொம்ப காலம் ரகசியமா வச்சிருந்தாங்க. 1893ல ஆக்ஸ்பர்க்ல ருடால்ஃப் டீசல் தன் முதல் எஞ்சின்ல முதல் தடவ எரிய வச்சப்ப இண்டிகேட்டர்தான் வெடிச்சு சிதறுச்சு. அளக்குற கருவிதான் முதல் பலி!

நாங்க கேடட்டா இருந்தப்ப அதே மெக்கானிக்கல் இண்டிகேட்டர்தான். இண்டிகேட்டர் காக்க தொறந்து ரெண்டு ஊது ஊதி கரிய வெளிய தள்ளிட்டு, கருவிய மாட்டி, டிரம்ல பேப்பர் சுத்தி, கயித்த கொக்கில மாட்டி கார்டு எடுப்போம். பிளானிமீட்டர் வச்சு பரப்பளவ அளந்து பவர் போடுவோம். கயிறு கொஞ்சம் தொங்குனாலே கார்டு கோணிடும். அப்புறம் டிரம்ம 90 டிகிரி தள்ளி ஓட்டி டிரா கார்டு எடுப்போம், அதுல டிடிசி பக்கம் விரிஞ்சு தெரியும், எங்க எரிய ஆரம்பிக்குதுனு கண்ணால பாக்கலாம். இப்ப எல்லாம் எலக்ட்ரானிக், ஆனா வியாதி அதே வியாதி. டிடிசி ஒரு டிகிரி தப்பா இருந்தா எந்த சிலிண்டர் ஜாஸ்தி பவர் குடுக்குதுன்ற பேலன்ஸே பொய்யாகிடும்.

இன்னொரு தலைவலி எங்களுக்கு மட்டும். ஆறு ஏழு சிலிண்டர், கிராங்க்‌ஷாஃப்ட் பஸ்ஸ விட நீளம். லோடுல அது முறுக்கும். என்கோடர் ஒரு முனைல இருந்தா மறு முனை சிலிண்டரோட டிடிசி லோடுக்கு தகுந்த மாதிரி நகரும். ஒத்த சிலிண்டர்காரங்க குடுத்து வச்சவங்க.

நிலா_ரிசர்ச்:
சார் அந்த இண்டிகேட்டர் காக் வழி நீளமா இருக்குமே, பிரஷர் அலை உள்ள ஆடாதா?

கப்பல்_கணேசன்:
ஆடும்மா. குழாய் நீளமா இருந்தா காலி பாட்டில் வாயில ஊதுற மாதிரி உள்ள ஒரு சத்தம் நிக்கும், கர்வ் மேல அலை அலையா வரும். ஆனா மெயின் எஞ்சின் 100 ஆர்பிஎம் பக்கம்தான் ஓடுது, ஒரு டிகிரிக்கு 1.67 மில்லிசெகண்ட் கிடைக்குது, அதனால அந்த தாமதம் பெருசா கடிக்காது. அதே குழாய உங்க 1500ல போட்டா கதை கந்தல்.

டைனோ_அண்ணாச்சி:
ஆமா. திரு, உன் சென்சார் முகம் சிலிண்டருக்குள்ள சமமா உக்காந்திருக்கா, இல்ல அடாப்டர் குழிக்குள்ள இருக்கா? குழினா நீளம் கேளு. கால் அலை கணக்கு, 50 மிமீ குழின்னா மோட்டாரிங் சூட்டுல ஒலி வேகம் செகண்டுக்கு 600 மீட்டர் பக்கம், 3 கிலோஹெர்ட்ஸ்ல ஆடும். டீசல்ல எரிய ஆரம்பிக்கும்போது பிரஷர் சுள்ளுனு ஏறுறதால அது இன்னும் கிளறிவிடும், அத நாக் (எரியும்போது எஞ்சின் தட்டுறது)னு நெனச்சு பேப்பர் எழுதுனவங்க உண்டு.

இன்னொரு பக்கம், சமமா உக்காந்தா தீப்பிழம்பு நேரா டயஃப்ரம்ல படும். சைக்கிளுக்கு சைக்கிள் அது சூட்டுல வளைஞ்சு நிமிரும், எக்ஸ்பேன்ஷன்ல பிரஷர் கம்மியா காட்டும். தெர்மல் ஷாக்னு சொல்லுவாங்க. பெக்கிங்ல சொன்ன மாதிரி இது மாறாத எண் இல்ல, சைக்கிளுக்குள்ளயே மாறுது, அதனால ஐஎம்இபிய நிஜமாவே தொடும். உன் 103%க்கு இதுவும் கொஞ்சம் காரணமோனு கேக்கலாம், ஆனா மோட்டாரிங்ல தீயே இல்லாதப்பவும் வாழைக்காய் இருந்துச்சே. பெரிய பங்கு டிடிசிதான்.

அப்புறம் கேபிள். சார்ஜ் கேபிள் கனெக்டர கை விரலால தொடாத. உள்ள இன்சுலேஷன் பத்து லட்சம் கோடி ஓம் கணக்குல இருக்கணும், விரல் வேர்வை பட்டாலே இறங்கிடும், கர்வ் ஒரு பக்கமா நடக்க ஆரம்பிக்கும். கேபிள எஞ்சின் மேல தட்டாத மாதிரி கட்டி வை, ஆடுனா அதுவே சார்ஜ் உண்டாக்கும்.

தெர்மல்_திரு:
வந்துட்டேன். சனிக்கிழமை லேப் அசிஸ்டன்ட் அண்ணன கெஞ்சி கூட்டிட்டு வந்து வால்வு முறைலயே பண்ணோம், ஓ ரிங்கு போட்டோம் கணேசன் சார், நன்றி, நிஜமாவே ஒரு ஜூனியர் பையன் வந்து ஃபிளைவீல்ல கை வச்சான்!

ரீடிங்: 4.00 மிமீல ஏறும்போது சாஃப்ட்வேர் கணக்குல –23.00, இறங்கும்போது +16.75. நடு –3.125. 3.00 மிமீல –20.25, +14.00. நடு திரும்பவும் –3.125. அதாவது நிஜ டிடிசி சாஃப்ட்வேரோட பூஜ்யத்துக்கு 3.1 டிகிரி முன்னாடியே வந்துடுது. மோட்டாரிங் பீக் 3.9ல இருந்துச்சு, கழிச்சா லாஸ் ஆங்கிள் 0.8. அண்ணாச்சி சொன்ன ரேஞ்சுக்குள்ள.

கப்ளிங்ல கிரப் ஸ்க்ரூ இறுக்கமாதான் இருந்துச்சு, வழுக்கல, மாட்டும்போதே தள்ளி மாட்டிருக்காங்க. ஆஃப்செட் போட்டு திரும்ப ஓட்டுனேன். ஐஎம்இபி 7.9, எஃபிஷியன்சி 80% கிட்ட. பீக் பிரஷர் இப்ப டிடிசிக்கு அப்புறம் 8 டிகிரில. லாக்-லாக்ல வாழைக்காய் போய் கத்தி மாதிரி ஆயிடுச்சு.

கைடு முகத்துல ஒரு வெற்றிச் சிரிப்பு, "நான்தான் 80 வரும்னு சொன்னேனே"ன்றார்.

இப்ப என் கேள்வி, பழைய டேட்டா ரெண்டு பிளெண்டுக்கு எடுத்தது இருக்கே, அதுக்கும் இதே 3.1 போடலாமா, இல்ல எல்லாத்தயும் திரும்ப ஓட்டணுமா?

நிலா_ரிசர்ச்:
அந்த நாட்கள்ல மோட்டாரிங் எடுத்திருந்தா நேரா ஒப்பிடலாம். எடுக்கலனா இன்னொரு வழி: இன்ஜெக்‌ஷனுக்கு முன்னாடி, அதாவது உன் எஞ்சினுக்கு 23 டிகிரிக்கு முன்னாடி, சிலிண்டருக்கு எந்த ஃபியூல் போடுறோம்னே தெரியாது. அதனால பெக் பண்ண பிறகு 60லருந்து 30 டிகிரி வரைக்கும் கம்ப்ரஷன் கர்வ நாள் வாரியா ஒண்ணு மேல ஒண்ணு போட்டு பாரு. லோடு ஒண்ணா இருக்கணும், எஞ்சின் நல்லா சூடாகிருக்கணும். ஒரே கோடா விழுந்தா என்கோடர் நகரல, 3.1 போடு. விழலனா ஓட்டித்தான் ஆகணும்.

ஆனா ஒரு டிகிரி ரெசல்யூஷன்ல 3.1 நகத்தணும்னா பாயின்டுகளுக்கு நடுவுல இன்டர்போலேட் பண்ணணும், வெறும் 3 வரிசை கீழ தள்ளிட்டு விட்டுடாத. அப்புறம் வால்யூமயும் புது ஆங்கிளுக்கு திரும்ப கணக்கு போடு. பிரஷர மட்டும் நகத்திட்டு பழைய வால்யூம் வரிசையோட தப்பா ஜோடி சேத்து வைக்கிறவங்கள நான் பாத்திருக்கேன். ஹீட் ரிலீஸ்ல பிரஷர் மாற்ற வீதம் வருது, ஒரு டிகிரி டேட்டால அது கரடுமுரடாதான் இருக்கும், பீக் உயரத்த ரொம்ப நம்பாத, எங்க ஆரம்பிக்குது, பாதி எங்க எரியுதுன்றத நம்பு.

தெர்மல்_திரு:
கோடு போட்டு பாத்துட்டேன் அக்கா. பி20 (20% பயோடீசல்) நாள் அப்படியே மேல விழுது. பி40 நாள் விழல, கொஞ்சம் தள்ளி இருக்கு, அன்னைக்கு எஞ்சின் சரியா சூடாகறதுக்கு முன்னாடியே எடுத்த மாதிரி கூலிங் வாட்டர் ரீடிங் சொல்லுது. பி40 திரும்ப ஓட்டுறேன்.

கோவை_ஸ்கோப்:
எனக்கும் ஆசை வந்துடுச்சு. என்கோடர் வாங்க காசில்ல. ஃபிளைவீல் ரிங் கியர் பல்லுக்கு நேரா ஒரு பிக்கப் சென்சார் வச்சு, ஸ்கோப்ல ரெண்டாவது சேனல்ல பிரஷரோட சேத்து எடுத்தா அந்த வேக ஏற்ற இறக்கப் பிரச்சினை தீராதா அண்ணாச்சி?

டைனோ_அண்ணாச்சி:
பெரும்பாலும் தீரும். ஒவ்வொரு பல்லு வர்ற நேரமும் தெரியும், ரெண்டு பல்லுக்கு நடுவுல மட்டும் வேகம் மாறலனு வச்சுக்கிட்டா போதும். 100 கிலோஹெர்ட்ஸ்ல எடுத்தா 1500 ஆர்பிஎம்ல 0.09 டிகிரிக்கு ஒரு பாயின்ட் கிடைக்கும். ஆனா ரிங் கியர்ல விட்டுப்போன பல்லு கிடையாது, எது முதல் பல்லுனு தெரியாது, அதனால ஃபிளைவீல்ல ஒரு இடத்துல தனியா ஒரு மார்க்கும் அதுக்கு ஒரு சென்சாரும் வேணும். கிராங்க் சென்சார் சக்கரம் 60 மைனஸ் 2 இருக்குற வண்டின்னா இன்னும் சுலபம், அந்த வயர்லயே ஸ்கோப் புரோப்ப குத்திக்கலாம், விட்டுப்போன ரெண்டு பல்லே மார்க். அது கிராங்க் ஒரு சுத்துக்கு ஒரு தடவதான் வரும், எது கம்ப்ரஷன் சுத்து, எது எக்ஸாஸ்ட் சுத்துன்றத பிரஷர் கோபுரத்த பாத்து பிரிச்சுக்கோங்க. அந்த மார்க்குக்கும் டிடிசிக்கும் எவ்ளோ டிகிரின்றத மேனுவல்ல பாத்து நம்பிடாதீங்க, திரு பண்ண மாதிரி டயல் கேஜ் வச்சு ஒரு தடவ அளந்துடுங்க. பெட்ரோல் எஞ்சின்ல பிளக் ஓட்டை வழியாவே கேஜ் இறங்கும், வால்வெல்லாம் கழட்ட வேணாம்.